விட்ட பலூன் எங்கே விழுகிறது?

மொன்றியல் தீவின் மேற்கு நுனியில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்றொரு சிற்றூர். சுமார் ஐந்தாயிரம் பேர் வாழ்கிறார்கள். ஒட்டாவா ஆறு இந்த ஊரின் ஓரமாக இறங்கி, செயின்ட் லூயி ஏரியாக விரிந்து கிடக்கும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றோடு கலக்கிறது. படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கால்வாய் ஒன்று இங்கே 1843 முதல் இருக்கிறது. அதன் கரையில் மரப்பலகை நடைபாதை, சாப்பாட்டுக் கடைகள், தலைக்கு மேலே ரயில் பாலங்கள். கோடை மாலைகளில் மொன்றியலின் பாதி இங்கே வந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறதோ என்று தோன்றும். டொலார்-டெ-ஒர்மோவில் உள்ள திருமுருகன் கோவிலுக்கு வந்துவிட்டு, 'சும்மா ஒருக்கால் தண்ணியைப் பார்த்திட்டுப் போவம்' என்று காரைத் திருப்பும் நம்மவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

இந்தப் பலகைப் பாதையில் நின்று ஒரு சிவப்புப் பலூனை விடுவதாக வைத்துக்கொள்வோம். பிறந்தநாளாக இருக்கலாம், பட்டமளிப்பாக இருக்கலாம், இறந்துபோன ஒருவரின் நினைவாகவும் இருக்கலாம். ரிப்பன் கையிலிருந்து நழுவுகிறது. பலூன் பாலத்தைத் தாண்டுகிறது, மரங்களைத் தாண்டுகிறது, புள்ளியாகிறது, மறைகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். பிறகு கேக் வெட்டப் போய்விடுகிறார்கள்.

தமிழில் ஒரு வேடிக்கை கவனித்திருப்பீர்கள். பட்டம் விடுகிறோம், காகிதக் கப்பல் விடுகிறோம், வாணம் விடுகிறோம், பலூனும் விடுகிறோம். குப்பையை மட்டும் 'போடுகிறோம்'. பலூன் எந்தப் பட்டியலில் சேர வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு விடை காண, கைதட்டல் முடிந்த பிறகு அந்தச் சிவப்புப் பலூனுக்கு என்ன ஆகிறது என்று தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு மணி நேரப் பயணம்

ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம். ஒரு லிட்டர் ஹீலியத்தின் எடை 0.18 கிராம்தான். ஆக, ஒவ்வொரு லிட்டர் ஹீலியமும் சுமார் ஒரு கிராமைத் தூக்கும். விழாக்களில் பயன்படும் 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரப்பர் பலூன் 14 லிட்டர் வாயு பிடிக்கும். பலூனின் எடை 3 கிராம், ரிப்பனுக்கு ஒன்றிரண்டு கிராம் போனாலும், மேலே இழுக்க 9 கிராமுக்குக் குறையாத விசை மிஞ்சுகிறது. விநாடிக்கு சுமார் 2 மீட்டர் வேகத்தில் அது ஏறும்.

ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் அது தரையில் உள்ளதில் பாதி. பலூனுக்குள் இருக்கும் வாயு விரிகிறது, ரப்பர் இழுபடுகிறது. கூடவே குளிரும் ஏறுகிறது: கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வீதம் வெப்பநிலை இறங்கி, எட்டு கிலோமீட்டரில் மைனஸ் 37 டிகிரி அளவுக்கு வந்துவிடும். முழுக்க ஊதிய பலூன் அந்த உயரத்தில், குளிரில் இறுகி, எல்லைவரை இழுபட்டு, வெடிக்கிறது. வெடித்தது இடியாப்ப இழைகள் மாதிரி நீளநீளமாகக் கிழிந்து விழுகிறது.

விநாடிக்கு 2 மீட்டர் வீதம் எட்டு கிலோமீட்டர் ஏற ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அந்த நேரமெல்லாம் காற்று சும்மா இருக்காது. மொன்றியலில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்றே அதிகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று என்று கணக்கிட்டால், நம் சிவப்புப் பலூன் மொன்றியல் நகரம் முழுவதையும் தலைக்கு மேலாகக் கடந்து, சுமார் எழுபது கிலோமீட்டர் தள்ளி, வெர்ஷேர் என்ற ஊரின் பக்கம் செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலோ கரையிலோ விழும். விட்டவர்கள் அப்போது கேக்கின் கடைசித் துண்டில் இருப்பார்கள்.

இது எல்லாம் ஒழுங்காக நடந்தால். பாதி ஊதிய பலூன், ரிப்பன் கனத்த பலூன், கொத்தாகக் கட்டிய பலூன் ஆகியவை அந்த உயரத்தை எட்டுவதில்லை. ரப்பரின் நுண்துளைகள் வழியாக ஹீலியம் கசிந்து, ஒரு நாளுக்குள் துவண்டு, முழுசாகவே எங்கோ இறங்கிவிடும். பளபளக்கும் உலோகப் பூச்சுப் பலூன் வேறு ரகம். அது நைலான் அல்லது பாலியெஸ்டர் படலத்தின் மேல் அலுமினியம் பூசியது. இழுபடாது, எளிதில் கசியவும் செய்யாது. நாள் கணக்கில் மிதக்கும். மின்கம்பிகளில் பட்டால் அந்த அலுமினியப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தி ஊரையே இருட்டாக்கும். அதனால்தான் கலிபோர்னியா 1990 முதல், அத்தகைய பலூனைக் கனமான ஏதாவது ஒன்றில் கட்டித்தான் விற்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது.

ஓக் இலை என்றார்கள்

'ரப்பர் பலூன்தானே, மரத்திலிருந்து வந்தது, மண்ணோடு போய்விடும்' என்று சொல்லாதவர் இல்லை. குமரி மாவட்டத்துக் குலசேகரத்திலோ, இலங்கையின் களுத்துறை, கேகாலைப் பக்கங்களிலோ வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் எளிதில் நம்பக்கூடியது. விடியுமுன் தோட்டத்துக்குப் போய்ப் பட்டையைச் சீவிப் பால் வெட்டுவதையும், சிரட்டையில் அது சொட்டுவதையும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுவந்த விதைகளில் முளைத்த கன்றுகள் 1876-ல் இலங்கையின் ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்ட நாளிலிருந்து, ரப்பர் நம் பக்கத்து மரமும்தான்.

மரத்திலிருந்து வடியும் பால் மட்டுமாக இருந்தால் வாதம் சரி. ஆனால் அதை அப்படியே பலூன் ஆக்கினால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1824-ல் மைக்கேல் ஃபாரடே ஹைட்ரஜன் பரிசோதனைக்காக லண்டனில் முதல் ரப்பர் பலூனைச் செய்தபோது, இரண்டு ரப்பர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரங்களை அமுக்கினார். பச்சை ரப்பர் அவ்வளவு ஒட்டும். உள்ளே மாவு தூவியிருக்காவிட்டால் இரண்டு தகடும் ஒன்றாகவே ஆகியிருக்கும். 1839-ல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடேற்றி ரப்பரை உறுதிப்படுத்தும் வழியைக் கண்டார். 1931-ல் நீல் டில்லட்சன் ரப்பர் பாலில் அச்சை முக்கி இன்றைய பாணிப் பலூனைச் செய்தார். இன்றைய பலூனில் ரப்பர் பாலோடு கந்தகம் இருக்கிறது, துத்தநாக ஆக்சைடு இருக்கிறது, வெயிலிலும் காற்றிலும் கெடாமல் காக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன, சாயம் இருக்கிறது. கடை அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கவென்றே செய்த பொருள், ஆற்றில் விழுந்ததும் உடனே கெட்டுப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

1989-ல் பலூன் தொழில் சார்பில் வெளியான ஓர் ஆய்வு, ரப்பர் பலூன் ஓக் இலை மட்கும் வேகத்தில் மட்கிவிடும் என்றது. முப்பது ஆண்டுகளாக விளம்பரங்களில் ஓடிய வாக்கியம் அது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்கன் கில்மோரும் ஜெனிஃபர் லேவர்ஸும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பலூன்களை நன்னீரில், கடல்நீரில், தொழில்முறை உரக்குவியலில் என்று மூன்று இடங்களில் 16 வாரம் போட்டுவைத்தார்கள். எந்த இடத்திலும் சொல்லிக்கொள்ளும்படி மட்கவில்லை. பலூன் பலூனாகவே இருந்தது. நுண்ணுயிர்கள் மொய்க்கும் சூடான உரக்குவியலிலேயே இந்தக் கதி என்றால், டிசம்பர் முதல் மார்ச் வரை பனிக்கட்டி மூடிக் கிடக்கும் கியூபெக் ஏரிகளில் என்ன வேகம் இருக்கும்?

'மட்கும்' என்ற சொல்லில் பொய் இல்லை. எத்தனை நாளில், எந்த இடத்தில், அதற்குள் யார் வாயில் போன பிறகு என்பதுதான் அந்தச் சொல்லில் இல்லாதது.

ஆற்றோடு போகிறவை

வெர்ஷேர் பக்கம் விழுந்த நம் பலூனுக்குத் திரும்புவோம். ஆறு அதைக் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைப்போம். எல்லாவற்றையும் ஆறு கொண்டுபோவதில்லை. மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் அடிச்சேற்றில் முகம் கழுவும் பூச்சுகளில் இருந்த பாலிஎதிலின் மணிகள் தங்கிக் கிடந்ததைக் கண்டார்கள். மிதந்து கடலுக்குப் போயிருக்கும் என்று எல்லோரும் எண்ணியவை அவை. அந்தப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை, சுற்றுச்சூழல் பிரிவு இயங்கும் மெக்டொனால்ட் வளாகம் 1907 முதல் இருப்பது நம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில்தான். நம் பலூன் கிளம்பிய பலகைப் பாதையிலிருந்து நடந்தே போய்விடலாம்.

அடியில் தங்காதது மேலும் போகிறது. கீழே செயின்ட் பியர் ஏரி. 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த இடம், பெரிய நீல நாரைகள் பெரும் கூட்டமாகக் கூடுகட்டும் தீவுகள் உள்ள இடம். அதற்கும் கீழே சாகெனே ஆறு வந்து சேரும் இடத்தில், வெள்ளை பெலூகா திமிங்கிலங்கள். பிறகு வளைகுடா, அதன் வாசலில் பொனவென்ச்சர் தீவு, ஏறத்தாழ ஒரு லட்சம் கேன்னெட் கடற்பறவைகள் தோளோடு தோள் உரசி முட்டை இடும் பாறை. கேன்னெட் கடற்பாசியைக் கொத்திவந்து கூடு கட்டும் பறவை. கயிறு, வலைத் துண்டு, ரிப்பன் எதுவும் அதன் கண்ணுக்குக் கடற்பாசிதான். நியூஃபவுண்ட்லாந்துக் கூடுகளில் அவை பின்னிக் கிடப்பதை 1990-களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்துவிட்டார்கள். பலூனின் ரிப்பன் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். ரப்பர் ஒருநாள் மட்கினாலும் அது மட்காது. குஞ்சின் காலில் சுற்றினால், குஞ்சு வளர வளர முடிச்சு இறுகும்.

தின்பதுதான் இன்னும் மோசம். வெடித்துக் கிழிந்த ரப்பர், நீரில் மிதக்கும்போது ஜெல்லிமீன் மாதிரியும் கணவாய் மாதிரியும் அசைகிறது. கடலாமைக்கு ஜெல்லிமீன் விருப்பமான இரை. சென்னைக் கடற்கரைக்கு ஜனவரி தொடங்கி முட்டையிட வரும் பங்குனி ஆமைகளும் ஜெல்லிமீன் தின்பவைதான். அவற்றை அதிகம் கொல்வது இழுவலை. அதோடு ஒப்பிட்டால் பலூன் சிறு குற்றவாளி. ஆனாலும் ஏற்கெனவே வலையில் தப்பி வருகிற உயிருக்கு இன்னொரு கண்ணி எதற்கு என்ற கேள்வி நிற்கிறது.

பறவைகளைப் பற்றி எண்ணிக்கையோடு சொல்ல முடியும். லாரன் ரோமனும் சக ஆய்வாளர்களும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பகுதிகளில் இறந்துகிடைத்த 51 இனங்களைச் சேர்ந்த 1,733 கடற்பறவைகளை அறுத்துப் பார்த்து 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்றில் ஒன்று கடல் குப்பையைத் தின்றிருந்தது. ஒரே ஒரு துண்டு தின்ற பறவைக்கே அதனால் இறக்கும் வாய்ப்பு 20 சதவீதம். ஒன்பது துண்டு தின்றால் 50 சதவீதம். தின்றவற்றில் பெரும்பாலானது கெட்டிப் பிளாஸ்டிக். மென்மையான பொருள்கள் ஐந்து சதவீத அளவே. ஆனால் குப்பையால் நேர்ந்த சாவுகளில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் அந்த ஐந்து சதவீதத்தின் கணக்கில் விழுந்தன. எல்லாவற்றிலும் கொடியது பலூன்: கெட்டிப் பிளாஸ்டிக்கைத் தின்பதைவிடப் பலூன் துண்டைத் தின்பது 32 மடங்கு ஆபத்தானது.

காரணம் எளிது. கெட்டித் துண்டு இரைப்பையில் உருண்டுகொண்டு கிடக்கும், அல்லது மெல்ல வெளியே போய்விடும். ரப்பர் நெகிழும், நெகிழ்ந்து இரைப்பைக்கும் குடலுக்கும் நடுவில் உள்ள குறுகிய வாயில் தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு மீன் தின்றாலும் கீழே இறங்காது. வயிறு நிறைந்த பறவை பட்டினியால் சாகும். பலூன் ஊதும்போது நாம் மெச்சும் அதே நெகிழ்ச்சிதான் அங்கே கொல்கிறது.

நீரில் விழாமல் காற்றிலேயே போன பலூன்களுக்கும் ஒரு முடிவிடம் உண்டு. நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால் அட்லாண்டிக் நடுவே சேபிள் தீவு என்றொரு மணல் திட்டு. சுமார் 500 காட்டுக் குதிரைகளும், கடல்நாய்களும் (சீல்), விரல்விட்டு எண்ணக்கூடிய மனிதர்களும்தான் அங்கே. பல பத்தாண்டுகளாக அந்தத் தீவில் தங்கி ஆய்வுசெய்தவர் ஸோயி லூகஸ். கரையொதுங்கும் குப்பையை எடுத்து எண்ணிப் பதிவுசெய்வது அவர் வேலைகளில் ஒன்று. அதில் பலூன் ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. சிலவற்றில் கடைப் பெயர், விழாப் பெயர் அச்சாகியிருக்கும்; அதை வைத்துப் பார்த்தால் கிளம்பிய ஊர் கடலுக்கு வெகு தொலைவில், கண்டத்தின் உள்ளே. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து சேபிள் தீவு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். குப்பைத்தொட்டியே இல்லாத ஓர் இடத்துக்கு நம் வாழ்த்துச் செய்தி போய்ச் சேர்கிறது.

குண்டூரில் தெரிந்த மஞ்சள் கோடு

ரப்பருக்கும் ரிப்பனுக்கும் இவ்வளவு பேசினோம். உள்ளே இருந்த வாயுவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் கெடுதல் இல்லையே என்று விட்டுவிடுகிறோம். ஹீலியம் நஞ்சில்லை, எரியாது, புவியைச் சூடாக்காது. அதன் குறை வேறு: போனால் வராது.

அதைக் கண்டுபிடித்த கதையில் நமக்கும் பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று, அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்த குண்டூரில், முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் பியர் ஜான்சன் வந்திறங்கியிருந்தார். மதராஸ் வானாய்வகத்தின் நார்மன் பாக்சன் மசூலிப்பட்டினத்தில் நின்றார். சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது மஞ்சளில் ஒரு பிரகாசமான கோடு தெரிந்தது. சோடியத்தின் கோட்டோடு அது சரியாகப் பொருந்தவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்கியரும் அந்தக் கோட்டைக் கண்டு, சூரியனில் புதியதொரு தனிமம் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். கிரேக்கச் சூரியனின் பெயரால் அது ஹீலியம் ஆயிற்று. பூமியில் அதைப் பிடிக்க 1895 வரை, வில்லியம் ராம்சே வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவ்வளவு காலம் ஏன் சிக்கவில்லை? நம் காற்றில் அது பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான். நிலத்தடியில் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் சிதைந்து சிதைந்து உண்டாக்கும் வாயு அது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலுக்குள்ளும் தோரியம் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. இயற்கை எரிவாயுக் கிணறுகள் சிலவற்றில் மட்டுமே எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்கு அது தேங்கியிருக்கிறது. உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதியை அமெரிக்காவும் கத்தாரும் தருகின்றன. இந்தியா இறக்குமதி செய்கிறது.

மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் இருக்கும் காந்தத்தை மைனஸ் 269 டிகிரியில் வைத்திருக்கத் திரவ ஹீலியத்தை விட்டால் வேறு வழி அரிது. வழக்கமான ஒரு இயந்திரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லிட்டர் கேட்கும். பலூனுக்கு நிரப்புவது அவ்வளவு தூய்மையானதில்லை, மருத்துவமனைப் பங்கை அது தின்றுவிடவில்லை என்று பலூன் தொழில்காரர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனாலும் வெடித்த பலூனிலிருந்து கிளம்பும் ஹீலியம் காற்று மண்டலத்தின் உச்சிக்குப் போய், கடைசியில் விண்வெளிக்கே தப்பிவிடுகிறது. அவ்வளவு இலேசான அணுவைப் பூமியின் ஈர்ப்பால் என்றைக்குமாகப் பிடித்துவைக்க முடிவதில்லை.

ஹீலியம் விலை கட்டுப்படியாகாத இடங்களில் ஹைட்ரஜனை நிரப்புகிறார்கள். அது எரியும் வாயு. 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஓர் அரசியல் நிகழ்ச்சியில் ஹைட்ரஜன் பலூன் கொத்து பட்டாசுத் தீப்பொறியில் பற்றி வெடித்துப் பலருக்குத் தீக்காயம் ஏற்பட்டது. 2022 அக்டோபரில் திருச்சியில் பலூன் நிரப்பும் சிலிண்டரே வெடித்து ஓர் உயிர் போயிற்று.

பதினான்கு லட்சம் பலூன்

ஒன்றுக்கே இவ்வளவு என்றால் லட்சக்கணக்கில் விட்டால்? செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1986 செப்டம்பர் 27 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மையத்தில், ஒரு தொண்டு அமைப்புக்கு நிதி திரட்ட, 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பலூன்களை ஒரே நேரத்தில் விட்டார்கள். உலக சாதனை என்று பெயர். மழை வருவதைப் பார்த்து அவசரமாக வலையை அவிழ்த்தார்கள். குளிர்ந்த மழைக்காற்று பலூன்களை மேலே போகவிடாமல் நகரத்தின் மேலேயே அமுக்கிவிட்டது. விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றை மூட வேண்டியிருந்தது. சாலைகளில் பலூனைப் பார்த்துத் திரும்பிய கார்கள் மோதிக்கொண்டன. பக்கத்து மாவட்டத்தில் குதிரைகள் மிரண்டு காயப்பட்டன.

அதற்கு முந்தைய நாள் ஈரி ஏரியில் மீன்பிடிக்கப் போன இருவர் கரை திரும்பியிருக்கவில்லை. தேடப் போன கடலோரக் காவல் படைக்கு, நீரில் மிதக்கும் தலை எது, பலூன் எது என்று தெரியவில்லை. இருவர் உடலும் பின்னர் கரையொதுங்கின. ஏரியின் மறுகரை கனடா. அந்தக் கரையில் வாரக்கணக்கில் பலூன் ஒதுங்கிக்கொண்டிருந்தது. விழா எடுத்தவர்கள் ஒரு நாட்டில், பொறுக்கியவர்கள் இன்னொரு நாட்டில். ஈரி உள்ளிட்ட பேரேரிகளின் தண்ணீர் எல்லாம் கடைசியில் வடிவதும் செயின்ட் லாரன்ஸ் வழியாகத்தான்.

குச்சிக்குத் தடை, பலூனுக்கு இல்லை

சட்டங்கள் மெல்ல விழித்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் வர்ஜீனியாவும் மேரிலாந்தும் 2021-ல் பலூன் விடுவதைத் தடைசெய்தன. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். ஒரு நாளைக்குப் பத்துக்குக் குறைவாக விட்டால் குற்றமில்லை என்று வைத்திருந்த ஃபுளோரிடா, 2024 ஜூலை முதல் ஒன்றைக்கூட வேண்டுமென்று விடக் கூடாது என்றது. ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் மன்னிப்பு. ஆண்டுதோறும் தேசிய நாளில் 30,000 பலூன் விட்டுவந்த ஜிப்ரால்டர் 2016-ல் தானாகவே அந்த வழக்கத்தைக் கைவிட்டது.

கனடா 2022-ல் கொண்டுவந்த ஒருமுறைப் பிளாஸ்டிக் தடையில் ஆறு வகைப் பொருள்கள் உண்டு: பை, கரண்டி, உறிஞ்சுகுழாய் முதலியவை. பலூன் அதில் இல்லை. மூன்றேகால் கன மீட்டருக்கு மேல் வாயு பிடிக்கும் பெரிய பலூனை அனுமதியின்றி விடக் கூடாது என்று கனடாவின் விமானப் போக்குவரத்து விதி சொல்கிறது. விமானத்துக்கு ஆபத்து என்று அந்த விதிக்குத் தெரியும். பறவைக்கு ஆபத்து என்று தெரியாது.

இந்தியாவின் கதை இன்னும் சுவையானது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுதும் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில், பலூனைச் செருகும் பிளாஸ்டிக் குச்சி இருக்கிறது. குச்சியோடு தரையில் நிற்கும் பலூனுக்குச் சட்டம் உண்டு. குச்சியை உதறிவிட்டு வானத்துக்குப் போனால் கேட்பார் இல்லை. தமிழ்நாட்டில் பலூன் விழாவுக்கு மட்டுமா? 2018 ஏப்ரலில் காவிரிப் பிரச்சினைக்காகச் சென்னையில் கறுப்புப் பலூன்கள் பறந்தன. ஆற்றுக்காக விட்டவையும் ஏதோ ஒரு நீர்நிலையில்தான் விழுந்திருக்கும். போராட்டத்தின் நியாயத்தை இது குறைக்காது. கருவியை மாற்றிக்கொள்ளலாம் என்பதே சொல்ல வருவது.

'வானிலைத் துறை விடவில்லையா?' என்று கேட்கலாம். விடுகிறது. உலகெங்கும் சுமார் 900 நிலையங்களில் நாளுக்கு இரண்டு முறை, சென்னை மீனம்பாக்கம் உட்பட, கருவி கட்டிய ரப்பர் பலூன்கள் ஏறுகின்றன. அவையும் கீழே விழத்தான் செய்கின்றன, அதுவும் குப்பைதான். ஆனால் முப்பது கிலோமீட்டர் உயரம்வரை போய், வெப்பமும் ஈரமும் காற்றும் அளந்து அனுப்பிவிட்டு விழுகின்றன. புயல் வருகிறது என்று நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் முன்கூட்டிச் சொல்வதில் அந்தக் குப்பைக்குப் பங்குண்டு. பிறந்தநாள் பலூன் தரும் தகவல், இன்னார் மகனுக்கு ஒரு வயதாகிவிட்டது என்பதே. அதை வாட்சாப்பில் சொன்னால் போதும்.

நினைவுக்காக விடுகிறவர்களிடம் மட்டும் இப்படிக் கேலியாகப் பேச மனம் வரவில்லை. இறந்தவர் மேலே போனார் என்ற ஆறுதலுக்கு, மேலே போகிற ஒரு பொருள் கைகொடுக்கிறது. அந்த ஆறுதல் உண்மையானது. அதற்கு விளக்கேற்றலாம், மரம் நடலாம், நம் வழக்கப்படி நாலு பேருக்குச் சோறு போடலாம். கண் வானத்தைத்தான் தேடுகிறது என்றால் பட்டம் இருக்கிறது. தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வானத்துக்கு ஏறுவதில் பலூன் அதன் கிட்டவே வராது. மாஞ்சா தடவாத பருத்தி நூலாகக் கட்டினால் யார் கழுத்துக்கும் சேதமில்லை. முக்கியமாக, நூலின் மறுமுனை கையில் இருக்கிறது. மாலையில் சுற்றி இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

வீட்டுக்குள் விழா என்றால் பலூன் கட்டுங்கள், குழந்தைகள் விளையாடட்டும். ஹீலியம் வேண்டாம், வாயால் ஊதினால் போதும். அது கூரைக்கு ஏறாது, ஜன்னல் வழியாகத் தப்பவும் தப்பாது. விழா முடிந்ததும் ஒரு குண்டூசியால் குத்தி, ரிப்பனைச் சிறு துண்டுகளாக வெட்டி, தொட்டியில் போடுங்கள். ஆம், போடுங்கள். பலூனுக்கு உரிய வினைச்சொல் அதுதான்.